நிமிஷத்துக்கு நான்கு

பதினேழு படி. இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை, ஏறும்போது நல்ல காலை முதலில் வை என்று எலும்பு டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது, இன்னும் ஒவ்வொரு படியிலும் நின்று எது நல்ல கால் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, இரண்டுமே நல்ல கால் இல்லை என்பதுதான் நிஜம். முப்பத்தொரு வருஷம் இந்தச் சிவகாசியில் யார் யார் வீட்டுப் படியோ ஏறி இறங்கி கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்த கால். ரிட்டயர் ஆனதும் இனிப் படியே கிடையாது என்று நினைத்தால் வாய்த்தது மாடி வீடு. கீழே காகிதக் கட்டு அடுக்குகிற குடோன், மேலே நானும் இவரும். இன்றைக்கு ரீடிங் நாள். என் ஏரியாவை இப்போது சுகந்திதான் பார்க்கிறாள், பதினோரு மணிக்குள் வந்துவிடுவாள், கீழே நின்று "மேடம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், எத்தனை யூனிட் என்று மேலிருந்தே கேட்டுக்கொண்டால் போதும். ஆனாலும் இறங்குகிறேன். அவள் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட வேண்டும். போன தடவை அவள் வாயால் ஐநூற்றுப் பன்னிரண்டு என்று கேட்ட அவமானமே போதும். ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே வேறு, அது ஊருக்கே தெரியும், ஊருக்குச் சொன்னவளே நான்தான், எத்தனை வீட்டு வாசலில் நின்று 'தாண்ட விடாதீங்கம்மா' என்று புத்தி சொல்லியிருப்பேன், கடைசியில் வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஆகிவிட்டது. கைப்பிடிக் கம்பி இப்போதே சுடுகிறது. மணி பத்தரைகூட ஆகவில்லை. மேலே இவருடைய அறைக் கதவு சாத்தியிருக்கிறது, டைப் அடிக்கிற சத்தம் டக் டக்கென்று படி வரைக்கும் கேட்கிறது. தினசரி காலண்டருக்குத் தாள் தாளாக டைப் அடித்துப் பக்கம் கட்டுகிற வேலை. ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டும், அதனால் சித்திரை வைகாசியில் இந்த ஊரில் எவனுக்கும் தலை நிமிராது, ஊரெல்லாம் இந்த வருஷத்தில் இருக்க இவர் அடுத்த வருஷத்தில் இருப்பார். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ஒரு மணி, பிறகு மூன்றிலிருந்து ஆறு. கம்ப்யூட்டரைப் பொட்டி என்றுதான் நான் சொல்வது. பொட்டியோடுதான் அவருக்குக் குடித்தனம், நான் நடுவில் டீ கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள்.

மீட்டர் படிக்குக் கீழே, குனிந்துதான் பார்க்க வேண்டும். இடது பக்கத்து மீட்டர் நம்முடையது. கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். பதினெட்டாயிரத்து அறுநூற்று முப்பத்தைந்து. வெள்ளை அட்டையில் போன தடவை சுகந்தி கோழிக் கிறுக்கலாக எழுதி வைத்தது பதினெட்டாயிரத்து இருநூற்று நான்கு. கழித்தால் நானூற்று முப்பத்தொன்று. மறுபடி கழிக்கிறேன். நானூற்று முப்பத்தொன்றுதான். சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வருகிறது, இது தொழில் கொடுத்த புத்தி. கத்திரி வெயில் முழுக்க இந்த இரண்டு மாசத்துக்குள்தான் வந்துபோனது. ராத்திரியெல்லாம் இரண்டு ஃபேன் ஓடியது. என் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க ஹீட்டர் போடாத நாள் இல்லை. ஐநூற்று முப்பது வரும் என்று மனசுக்குள் தயாராக இருந்தேன், நூறு குறைந்து நிற்கிறது. வேலையில் இருந்தபோது எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஏறினால் என்ன ஏது என்று கேட்கலாம், குறைந்தால் வாயைத் திறக்கக் கூடாது. முதல் இரண்டு வருஷம் இது தெரியாது. பராசக்தி காலனியில் ஒரு வீடு, முந்நூறு வருகிற வீட்டில் திடீரென்று தொண்ணூறு, நான் சிரித்துக்கொண்டே "ஊருக்குப் போயிருந்தீங்களாக்கா" என்று கேட்டுவிட்டேன், அந்த அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஒருத்தியோடு போய்விட்டாராம். யூனிட் குறைகிறது என்றால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஓடி வந்தேன். நம் வீட்டில் என்ன நின்றது? மீட்டர்தான் நின்று நின்று ஓடுகிறதோ என்னவோ. அப்படியென்றால் பழுது என்று எழுதிக் கொடுத்து, ஆள் வந்து மாற்றி, சராசரி போட்டு, அது வேறு அலைச்சல்.

மீட்டர் சரியா இல்லையா என்று பார்க்க ஆபீஸுக்கு எழுத வேண்டியதில்லை, வாட்சும் கண்ணும் இருந்தால் போதும். மீட்டர் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும், கரண்ட் ஓட ஓட அது கண் சிமிட்டும். இந்த மீட்டரில் மூவாயிரத்து இருநூறு தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினால் வீட்டுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று வெளியே நின்றே சொல்லிவிடலாம். ஒரு சீலிங் ஃபேன் நான்கு. நம் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஆறு, ஓடாதபோது ஒன்றுமில்லை. பொட்டியும் அதன் திரையுமாகச் சேர்ந்து ஏழு, அது வாங்கி வந்த வாரமே எண்ணிப் பார்த்துவிட்டேன், இவர் அப்போது மாடியில் நின்று "ஜெயக்கொடி, புதுப் பிள்ளைக்கு எம்புட்டுப் பசி?" என்று கேட்டுச் சிரித்தார். "ஒரு குண்டு பல்பும் அரை ஃபேனும் சேந்த பசி" என்றேன். அப்போதெல்லாம் கேலி பண்ணிக்கொள்வோம். இப்போது ஹால் ஃபேனை நிறுத்தாமல்தான் இறங்கியிருக்கிறேன், அது நான்கு. ஃபிரிட்ஜ் ஓடினால் ஆறு. இவர் அறையில் ஃபேன் நான்கு, பொட்டி ஏழு. இருபத்தொன்று வர வேண்டும். வாட்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. மெதுவாகச் சிமிட்டுகிறது, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி. முட்டி தெறிக்கிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். நிமிஷம் முடிந்தது. பத்து. எங்கேயோ விட்டுவிட்டேன், கண் இப்போதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லை. மறுபடி. பத்து. மூன்றாம் தடவை எண்ணும்போது பாதியில் சிமிட்டல் சட்டென்று இளைத்தது, மேலே ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது. இனி பதினைந்து வர வேண்டும். எண்ணினேன். நான்கு. நிமிஷத்துக்கு நான்கு. ஹால் ஃபேன் மட்டும். மீட்டரில் ஒரு பழுதும் இல்லை, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் பிசகாமல் சொல்கிறது. இவர் அறையில்தான் ஒன்றுமே ஓடவில்லை.

மேலே டக் டக்கென்று சத்தம் கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது. காதும் போய்விட்டதா என்று காதை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்கிறேன். நாலு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி நாலு தட்டு, அவருடைய கைதான், எந்தக் கூட்டத்திலும் அந்தத் தட்டலை அடையாளம் சொல்வேன். பொட்டி அணைந்து கிடக்கிறது, மனுஷன் டைப் அடிக்கிறார். யாருக்குக் கேட்க? இந்த வீட்டில் கேட்பதற்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? கீழ்ப்படியில் உட்காருகிறேன், உட்கார்ந்தால் எழுந்திருப்பது பாடு, பரவாயில்லை. ஃபேன்கூட ஓடவில்லையே. வைகாசி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு, மேற்குப் பார்த்த அறையில், ஃபேன் இல்லாமல். இரண்டு மாசமாக அவர் பனியனில் உப்புப் பூத்துக் கிடக்கிறது, துவைக்கிறவள் நான்தானே, என்ன இப்படி வேர்க்கிறது, சர்க்கரை இறங்குகிறதோ என்று ஒரு நாள் கேட்டேன், "வேலை மும்முரம்ல" என்றார். பதினோரு மணி டீக்குக் கதவைத் தட்டினால் முன்னெல்லாம் "உள்ள வா" என்பார், இப்போது அரைக் கதவு திறந்து கை மட்டும் வரும், டம்ளரை வாங்கிக்கொண்டு சாத்திவிடும். போன மாசம் பராமரிப்பு என்று காலை முதல் கரண்ட் நிறுத்தினார்களே, அன்றைக்கு உள்ளே யூ.பி.எஸ். கீ கீ என்று கத்தவே இல்லை. வழக்கமாக அது கத்துகிற கத்தலில் தெருவே திரும்பிப் பார்க்கும். பேட்டரி செத்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். ஊர் வீட்டு மீட்டரெல்லாம் படித்தவள். ராத்திரி சாப்பிடும்போது தினமும் சொல்கிறாரே, "ஜூலை முடிஞ்சிருச்சு", "செப்டம்பர்ல நெறைய முகூர்த்தம், அதான் லேட்டு", நேற்றுகூட மோரை ஊற்றிக்கொண்டே "நவம்பர் பதினாலு வரைக்கும் வந்துட்டேன்" என்றார். நான் "அப்ப இந்த வாரத்துல வருசம் முடிஞ்சிரும்" என்றேன். "முடிஞ்சிரும்" என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னார். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், கீழே ஒரு வரி பொன்மொழி, முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் ஒவ்வொரு நாளாக இருட்டுத் திரையில் அடித்து அடித்து நவம்பர் வரை வந்திருக்கிறார்.

எதனால் என்கிற கேள்வி இப்போது பிடித்துக்கொண்டது, விடமாட்டேன் என்கிறது. போன ரீடிங் அன்று நான் சொன்னது. சுகந்தி இதே இடத்தில் நின்று ஐநூற்றுப் பன்னிரண்டு என்கிறாள், இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்படியில் நிற்கிறார், நான் அவளைப் பார்த்துத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "எல்லாம் அந்தப் பொட்டி குடிக்கிறதும்மா. அது சம்பாதிச்சுக் குடுக்கிறது அது குடிக்கிற கரண்டுக்கே காணாது." சுகந்தி சிரித்தாள், பாவம், அவள் என்ன செய்வாள். இவர் "அப்படியா குடிக்குது?" என்று மட்டும் கேட்டார். கேள்வி மாதிரி இல்லை. உள்ளே போய்விட்டார். தெரியாமல் சொல்லியிருந்தால் அது வேறு. எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் அது ஒரு யூனிட்டைத் தொடாது. என் முட்டிக்குத் தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டர் இருபது நிமிஷத்தில் இழுப்பதை அது நாளெல்லாம் உட்கார்ந்து குடிக்கிறது. ஐநூறைத் தாண்ட வைத்தது என் ஹீட்டராகவும் இருக்கலாம், என் கரண்ட் அடுப்பாகவும் இருக்கலாம், கணக்குத் தெரிந்த வாய்தான் பொய் சொன்னது. ஆனால் வேலை இருக்கிற மனுஷன் என் பேச்சுக்காகப் பொட்டியை அணைப்பாரா? வேலையை எப்படி முடிப்பார்? அப்படியென்றால் வேலையே இல்லையா? இல்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே, சொன்னால் நான் என்ன தின்றா விடுவேன்? இங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன். பென் டிரைவ். வெள்ளிக்கிழமை தோறும் வேலையைப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போவார், சனிக்கிழமை துவைக்கும்முன் பையைத் தடவிப் பார்த்து எடுத்து வைப்பேன், ஒரு தடவை பார்க்காமல் ஊறப் போட்டு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசியாகப் பென் டிரைவை எடுத்து வைத்தது எப்போது? பங்குனியில் இல்லை. மாசியிலும் இல்லை. பொங்கலுக்கு முன்னால், அந்தப் பச்சைக் கோடு போட்ட சட்டையிலிருந்து. அப்படியானால் வேலை தையிலேயே நின்றுவிட்டது. பிரஸ்ஸில் இப்போது போன வருஷத்துத் தாளிலேயே தேதியை மாற்றி அவர்களே முடித்துக்கொள்கிறார்கள் என்று யாரோ ஒருத்தனைப் பற்றிச் சொல்கிற மாதிரி ஒரு நாள் சொன்னார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு உம் கொட்டினேன். தையிலிருந்து பங்குனி வரைக்கும் வெறும் பொட்டியை ஓட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்கும் நான் ஒரு வார்த்தை சொன்னதும், அதையும் அணைத்துவிட்டார். ஃபேனையும் சேர்த்து. இந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது, தங்கப்பழம் என்றால் எவனுக்கும் தெரியாது, ஈ.பி. அம்மா வீட்டுக்காரர். நான் பென்ஷன்காரி, அவர் என் வீட்டுக்காரர். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சுமந்தார் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவருக்கென்று ஒரு வேலை இருந்தது, அதனால்தான் சுமந்தார். நான் பாவி. வேறு வார்த்தை இல்லை.

"என்ன மேடம், படியில உக்காந்துட்டீங்க?" சுகந்தி. வண்டி வந்த சத்தமே காதில் விழவில்லை. தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் கறுத்துப்போய், நான் அந்த வயதில் எப்படி இருந்தேனோ அப்படித்தான். குனிந்து மீட்டரைப் பார்த்து மெஷினில் தட்டினாள். "நானூத்தி முப்பத்தொண்ணு! கெட்டிக்காரிதான் மேடம் நீங்க. இந்த வெயில்ல எங்க பாத்தாலும் ஏறிக்கெடக்கு. சாரு அந்தக் கம்ப்யூட்டரை வித்துட்டாரா?" "விக்கிறதா? உள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்கார்ம்மா. சத்தம் கேக்கல?" சுகந்தி அண்ணாந்து காது கொடுத்தாள். "ஆமா, கேக்குது" என்றாள். நல்லவேளை, அவள் எண்ணவில்லை. இப்போதெல்லாம் எவளும் எண்ணுவதில்லை, எண்ணைப் பார்ப்பதோடு சரி. அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள், கிளம்பப் போகிறாள், அப்போதுதான் தோன்றியது. "ஏ சுகந்தி, அருப்புக்கோட்டைக்கு மாறுதல் கேட்டு மனு எழுதணும்னியே, எழுதுனியா?" "எழுதி ஒரு மாசமா பையிலயே கெடக்கு மேடம். கையெழுத்து எனக்கே வெளங்கல. போன்லயே டைப் பண்ணிரலாம்னு இருக்கேன்." "போன்ல அடிச்ச மனுவை எவன் மதிப்பான்? இங்குட்டுக் கொடு. சாருகிட்டச் சொல்லி நல்ல தமிழ்ல, மார்ஜின் விட்டு, முறையா அடிச்சுத் தரச் சொல்லுதேன்." "சாருக்கு எதுக்கு மேடம் தொந்தரவு, காலண்டர் சீசன் வேற..." "கொடுன்னா கொடு." பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டேன். ஒன்றேகால் பக்கம். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள், எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. நன்றாகக் கிடக்கட்டும், அவருக்கு நேரம் எடுக்கட்டும். "நாளைக்குச் சாயங்காலம் வந்து அவர்கிட்டயே வாங்கிக்க. எங்கிட்ட இல்ல, அவர்கிட்ட." அவள் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஏறும்போது நல்ல கால் முதலில். எது நல்ல கால்? ஏறிவிட வேண்டியதுதான். ஏறிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஏங்க, எனக்குத் தெரியும். வேண்டாம். ஏங்க, நான் அன்னைக்குச் சொன்னது பொய். அதுவும் வேண்டாம், எதற்கு இன்று அதைச் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும், அறிவு கெட்டவரா என்ன. மன்னிப்புக் கேட்டால் என் மனசு இறங்கும், அவருக்கு அந்த அறையும் போய்விடும், நாளையிலிருந்து ஒன்பதரைக்கு எழுந்து எங்கே போவார்? ஹாலில் என் எதிரே நாற்காலியில் உட்காருவார், இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்போம். பதினேழு. மூச்சு வாங்குகிறது. கதவுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே தட்டுகிற சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு அடியிலிருந்து அனல் என் காலில் அடிக்கிறது. "ஏங்க." தட்டல் நின்றது. "என்ன? வேலையா இருக்கேன்ல." குரல் வறண்டிருக்கிறது. "நம்ம சுகந்தி ஒரு மனு கொடுத்திருக்கா. டைப் அடிக்கணுமாம். வெளியில கொடுத்தா தப்பும் தவறுமா அடிச்சிருவாங்க, சாரே அடிச்சுத் தரணும்னு கேட்டா." அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, இந்தக் கதவுக்கு இவ்வளவு பக்கத்தில் அழக் கூடாது. "சாருன்னே கேட்டாளா?" என்றார். "ஆமா. சாருன்னுதான்." நாற்காலி பின்னால் நகர்கிறது. "கொஞ்சம் இரு. இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுக் கதவைத் திறக்கேன்." டக்கென்று சுவிட்ச் விழுகிறது. யூ.பி.எஸ். ஒரு தடவை கீ என்றது, அவர் உடனே பெரிதாக இருமி அதை மூடினார். பிறகு பொட்டிக்குள் அந்தச் சின்ன ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்குகிறது, கிழட்டுப் பொட்டி, முழுசாக விழிக்க ஐந்து நிமிஷம் எடுக்கும், அதற்குள் அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். முட்டி இரண்டும் நெருப்பாக எரிகிறது. மனுத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "நிக்கிறியா, போயிட்டியா?" என்று உள்ளிருந்து கேட்கிறார். "நிக்கிறேன். நீங்க மெதுவா முடிச்சுட்டு வாங்க, எனக்கு என்ன அவசரம்" என்கிறேன்.